தப்பான டிஸ்க்கில் தட்டிய என்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு டெல்லி முனிர்காவில், நாலாவது மாடியில் ஒரு சின்ன அறையில் குடியிருந்தேன். குர்கானில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எதிர் அறையில் மதுரைப் பெண் ஒருத்தி, ஆராய்ச்சி மாணவி. டெல்லியில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்களைத் தேடிப்போய், அவர்கள் சொல்வதை இரண்டு வருடமாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய லேப்டாப் திறக்கவே பத்து நிமிஷம் ஆகும். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரேன், பறக்கும் பாரு" என்று நான்தான் வலியப் போய்ச் சொன்னேன். ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தோம். லேப்டாப்பில் இடமில்லாததால் பதிவுகள் எல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துவைக்கலாம் என்று என் கணினியில் செருகினேன். பிறகு, பேச்சு மும்முரத்தில், 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன்.

லினக்ஸைப் பென் டிரைவில் எழுதுவதற்கான கட்டளையைத் தட்டினேன். பென் டிரைவின் விளக்கு எரியவில்லை. ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு படபடவென்று மின்னியது. டிஸ்க்கின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தேன். நிறுத்துவதற்குள் டிஸ்க்கின் தொடக்கப் பகுதி, கோப்புகளின் பட்டியலோடு அழிந்துவிட்டது. எந்தக் கோப்பும் திறக்கவில்லை.

அவளிடம் சொன்னேன். எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அக்கா, மொதல்ல டீயக் குடிங்க. அப்புறம் என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த டிஸ்க்கில் அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் கழற்றினேன். பெரிய டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, அழிந்த டிஸ்க்கை அப்படியே முழுசாக அதில் நகலெடுத்தேன். அந்த நகலில்தான் மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். இரண்டு நாளில் பதிவுகள் வந்தன. ஆனால் பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். ஒரு மாதம் மாலை தவறாமல் உட்கார்ந்து கேட்டோம். குரலை வைத்து அவள் ஆளைச் சொல்லச் சொல்ல, நான் பெயர் போட்டேன். பதினோரு பதிவுகள் வரவே இல்லை.

அந்தப் பதினோரு பேரையும் அவள் மறுபடி பார்க்கப் போனபோது நானும் போனேன். கரோல் பாக்கில் நாலு வீட்டில் வேலை செய்யும் விழுப்புரத்து அம்மா ஒருவரிடம், "தப்பு என்னோடதுங்க, நான்தான் அழிச்சுட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அச்சா, மிஷின் தின்னுடுச்சா? போவட்டும், உக்காரும்மா. செத்துப்போன எம் பொண்ணப் பத்திப் போன தடவ கேட்டப்ப வார்த்தையே வரல. இப்ப சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னதை முழுசாகப் பதிவு செய்தோம். அன்று மாலையே அந்தப் பதிவை இரண்டு இடங்களில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து கேட்டுப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் வேண்டாத டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மிச்சமிருப்பதன் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்த பிறகே என்டரைத் தட்டுகிறேன். ஆபீசில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஒரு டிஸ்க்குக்குள் யாரோ ஒருவர் நம்பிச் சொன்ன வார்த்தை இருக்கக்கூடும் என்பது, அதை அழித்த எனக்குத்தானே தெரியும்.