‘இன்னும் தெரியாது’ என்றவள்

தமிழ்நிலா நொச்சிக்குப்பத்துப் பெண். அண்ணன் செம்பியன் கடலுக்குப் போனான். அம்மா ரத்னா சாலையோரம் மீன் விற்றாள். தமிழ்நிலா கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்யப் போனதிலிருந்து தெருவே அவளை ‘சயின்டிஸ்ட்டு’ என்றுதான் கூப்பிட்டது.

அந்தக் கோடையில் அடையாற்று முகத்துவாரத்தில் மடவை மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. அதே காலையில் ராஜரத்தினம் என்ற டிரைவர் லாரித் தொட்டியிலிருந்து கழிவுநீரை ஆற்றில் திறந்துவிடுவதைக் குப்பத்து ஆட்கள் பார்த்துவிட்டார்கள்.

தமிழ்நிலா தண்ணீர் எடுக்கப் பாட்டில்களோடு வந்தபோது அவனை மணலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. செம்பியன் கையில் துடுப்பு.

“தோ, வந்துட்டா. நீயே சொல்லு. இவன் ஊத்துனதுதான மீன கொன்னுச்சு?”

“இன்னும் தெரியாதுண்ணே. டெஸ்ட் பண்ணணும்.”

“மீனு பொணமா மெதந்துக்கினு கீது, தெரியாதுன்றியா? இதுக்கா உன்ன படிக்க வெச்சோம்?”

“அவன் ஊத்துனது தப்புதான். ஆனா அதான் கொன்னுச்சுன்னு பாக்காம சொல்ல மாட்டேன். வுட்டுடுண்ணே, செத்துருவான்.”

செம்பியன் துடுப்பை ஓங்கினான். அவள் குறுக்கே விழுந்தாள். முதல் அடியில் அவள் முன்கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடி ராஜரத்தினத்தின் இடது கண்ணில் இறங்கியது. ரத்தம் அவள் துப்பட்டாவில் சூடாகப் பரவியது. யாரோ பையை உதைத்ததில் பாட்டில்கள் நொறுங்கின. அவள் கை தொங்குவதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

மறுநாளே மாவுக்கட்டோடு மறுபடி ஆற்றுக்குப் போனாள். கூட வேலை செய்யும் மதுவந்தி பாட்டில்களைப் பிடித்துக்கொண்டாள். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. கடல்நீர் உள்ளே வராமல், ஊர்ச் சாக்கடையெல்லாம் தேங்கி, தண்ணீரில் பிராணவாயு அடியோடு குறைந்திருந்தது. லாரி நின்ற இடத்திலிருந்து ஆற்றின் மேற்பக்கம் வெகு தூரத்திலும் மீன்கள் செத்து அழுகிக் கிடந்தன. அவை லாரி வருவதற்கு முன்பே மூச்சுத் திணறிச் செத்தவை. அதை அப்படியே அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள்.

லாரி முதலாளியின் ஆட்கள் தேடி வந்தார்கள். கழிவுநீரே ஊற்றவில்லை என்று அவள் எழுதித் தர வேண்டுமாம். மறுத்தாள். அந்த வாரமே அவள் ஸ்கூட்டர் எரிந்தது. போலீசிடம் ராஜரத்தினம் ஊற்றியதையும் சொன்னாள், அண்ணன் அடித்ததையும் சொன்னாள். செம்பியனுக்குச் சிறை.

“கூடப் பொறந்தவனையே மாட்டி வுட்டுட்டியேடி!” அம்மா நடுத்தெருவில் அவளை மாறி மாறி அறைந்தாள்.

தமிழ்நிலா மந்தைவெளியில் அறை எடுத்துக்கொண்டாள். ராஜரத்தினத்துக்குக் கண்ணோடு லாரி வேலையும் போயிற்று. இப்போது தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறான்.

இந்த வருஷம் பக்கத்துப் பள்ளியில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அனுப்ரியா என்ற பிளஸ் ஒன் மாணவி எழுந்தாள்.

“சயின்டிஸ்ட் ஆகணும்னா இன்னா பண்ணணும் மிஸ்?”

“கணக்க வுட்டுடாத. இங்கிலீஷுக்குப் பயப்படாத. அப்புறம், உனக்கு வேண்டியவங்க ஒரு பதிலுக்காக உன் மூஞ்சியையே பாத்துக்கினு நிப்பாங்க. பாக்காத விஷயத்த அப்பவும் தெரியாதுன்னு சொல்லப் பழகு.”

“அடிப்பாங்களா மிஸ்?”

“என்னை அடிச்சாங்க. எல்லாருக்கும் அப்படி ஆவாது. சண்டை நடக்கிற எடத்துக்கு மட்டும் தனியா போவாத. நான் போனேன்.”

செம்பியன் விடுதலையாகி வந்துவிட்டான். அவளோடு பேசுவதில்லை. போன மாதம் முகத்துவாரத்தில் மணல் அள்ள இயந்திரம் வந்து நின்றது. “எங்க தோண்டணும்னு உன் சயின்டிஸ்ட்டு தங்கச்சியக் கேளு” என்று ஒருவன் நக்கலடித்தான். செம்பியன் அவனைச் செவிட்டில் அறைந்து கீழே தள்ளினான். அம்மா மந்தைவெளிக்கே வந்து அதைப் பெருமையாகச் சொன்னாள். அந்த ஆளுக்குக் காது கேட்கிறதா என்றுதான் தமிழ்நிலாவுக்குக் கேட்கத் தோன்றியது.