மூவாயிரம் வயது ராணி

கச்சிபௌலிக்கு வீடு மாறியபோது பழைய ஃபைல் ஒன்றிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்று விழுந்தது. எடுத்தவள் என் மகள். "என்னப்பா இது, ஆபீஸ் ஆர்டரா?" என்று படிக்கத் தொடங்கினாள். பிடுங்கப் பார்த்தேன். பிடுங்குகிற வேகம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் ஹைதராபாத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. புரொபேஷன் காலம், ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், நானும் டைப்பிஸ்ட் அக்காவும். மாரெட்பள்ளியிலிருந்து வருவார், தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்த கணவர் காமாலையில் இறந்துபோக, கருணை அடிப்படையில் இவருக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்திருந்தார்கள். "தம்பி, மெஸ்ல திங்கறதெல்லாம் ஒரு சோறா?" என்று எனக்கென்று தனி டப்பாவில் மீன்குழம்பு கொண்டுவருவார்.

அந்தக் குழம்பைத் தின்றுகொண்டே நான் படித்தவை ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிறுதோறும் வாங்கிய ஆங்கிலப் பேய் காமிக்ஸ்கள். எல்லாவற்றிலும் ஒரே எகிப்து ராணிதான். மை தீட்டிய கண், நெற்றியில் பாம்பு. மூவாயிரம் வருடத்துத் துணி, எங்கே கிழிய வேண்டுமோ அங்கே மட்டும் கிழிந்திருக்கும். சவப்பெட்டியை உடைத்தவன் ஆராய்ச்சியாளன். எழுந்து ஆசைப்பட்டவள் பேய். கடைசிப் பக்கத்தில் அவளைத்தான் கொளுத்துவார்கள். எகிப்தியரின் சொந்தப் புராணத்திலோ ஒரு தேவி, வெட்டி எறியப்பட்ட கணவனின் துண்டுகளை ஊர் ஊராகத் தேடிப் பொறுக்கிச் சேர்க்கிறாள். அதை நான் படித்தது ரொம்பப் பின்னால்.

காமிக்ஸ் எங்கள் பிரிவில் ஃபைலுக்குள் வைத்துச் சுற்றுக்கு விடப்படும். படித்தவர் உள்ளே இருக்கும் குறிப்புத்தாளில் கருத்தெழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். பிரிவின் நகைச்சுவையாளர் பதவி காலியாக இருந்தது, விண்ணப்பிக்காமலே ஏற்றுக்கொண்டேன். ஒருநாள் எழுதினேன்: "மேற்படி ராணி, கணவனை விழுங்கியபின் நம் பிரிவின் டைப்ரைட்டர் முன் உயிர்த்தெழுந்திருப்பதாகத் தெரிகிறது. வயது 3000. ஆண் ஊழியர்கள் தனியே செல்ல வேண்டாம். உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது." எட்டுப் பேர் சிரித்து ஒப்பமிட்டார்கள். ஒற்றை வரிக் கடிதத்தை டைப்புக்குக் கொடுக்கும் சாக்கில் நாளுக்கு இரண்டு தடவை அக்காவின் மேஜைக்குப் போய் நின்றவன் நான். யாருடைய ஆசையை யார் தலையில் கட்டினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் ஃபைலைக் காணோம். அட்டெண்டரைக் கேட்டேன். "ஹவ் சாப், மேடம்கு தே தியா" என்றான். ஆமாம், மேடத்திடம் கொடுத்துவிட்டானாம். ஒப்பமிட்ட குறிப்பு என்றால் டைப்புக்குப் போக வேண்டும். அவன் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தான். உள்ளறையில் டைப்ரைட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடித்தது. ஓரிடத்தில் மட்டும் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தது.

அக்கா தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். என் பெயரும் பதவியும் கீழே சுத்தமாக இருந்தன.

"சரிபார்த்துக்கோங்க சார். கார்பன் காப்பி எங்கிட்ட இருக்கட்டும்."

சார்! அதன்பின் தம்பியும் இல்லை, டப்பாவும் இல்லை. புகாரும் இல்லை. அவர் இழுப்பறை திறக்கும்போதெல்லாம் அந்தக் கார்பன் காப்பி வெளியே வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. அவர் தானே கேட்டு நாச்சாரம் கிடங்குக்கு மாற்றலாகிப் போனார். வழியனுப்பு விழாவில் பேசியவன் நான்தான். வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஒரு நிமிடம் கிடைத்தது. அதில் ஒரு ஜோக் சொன்னேன். அப்புறம் ஒரு ஞாயிறு, நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்து மம்மியைப் பார்த்தேன். இத்தனூண்டு உடம்பு. யாரையும் விழுங்கக்கூடியதாகத் தெரியவில்லை.

அந்தத் தாளை அன்று அப்படியே மடித்துவைத்த நான் அதைப் படிக்கவே இல்லை. எழுதியவனுக்குத் தெரியாததா என்ற நினைப்பு. இப்போது மகள் முழுக்கப் படித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"ராணி யாருப்பா?"

சொன்னேன். மூவாயிரம் வயது என்று நான் எழுதியதையும் சொன்னேன்.

"இதுல அப்படி இல்லையே," என்று நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியதில் அக்கா ஒரே ஒரு திருத்தம்தான் செய்திருந்தார். வயது 29. அழுத்தி அடித்திருக்கிறார். தாளின் பின்புறம் தடவினால் அந்த இரண்டு எண்களும் இன்னும் விரலில் படுகின்றன.