சாம்பல் படத்தில் ஃபெங்யிங்

ஃபெங்யிங்குக்கு நாற்பத்தெட்டு வயது. பிளாஸ்க் ஆலையில் மூடி பொருத்தும் பிரிவில் இருந்தாள். ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது ஹௌ வாத்தியாரின் ஓவியக் கூடத்தில் மதியம் நூடுல்ஸ் சமைக்கிறாள், தரையில் காய்ந்த வண்ணத்தைச் சுரண்டுகிறாள். அவர் கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து படத்துக்கு அம்மா ஆகிவிடுகிறாள்.

அப்பா நான்தான். பெயர் டுவான். பெய்ஜிங்குக்குக் கிழக்கே இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஓவியர் மேல்தான் விழ வேண்டும். அவர்கள் படங்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. ஒருநாள் மரச்சட்டம் இறக்கப் போனபோது வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் மூஞ்சியில ஒண்ணுமே இல்லய்யா. அப்படியே உட்காரு."

திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை. உட்கார்ந்தேன்.

அவர் வரைவதெல்லாம் குடும்பப் படம். பழைய ஸ்டூடியோ போட்டோ மாதிரி மூன்று பேர் நேராகப் பார்ப்பார்கள். நடுவில் பிள்ளை, ஒரே பிள்ளை. அது உயரமான முக்காலியில் இருக்கும், பெற்றவர்கள் தலைக்கு மேலே அதன் தலை. அப்பா அம்மாவுக்குக் கை வரைய மாட்டார். படம் முழுக்கச் சாம்பல். தரையில் நிற்கும் பிளாஸ்க் மட்டும் சிவப்பு. பார்க்க வருகிறவர்கள் அதைக் காட்டி, இதுதான் சமுதாயம், உள்ளே சூடு, வெளியே குளிர் என்று பேசுவார்கள். ஃபெங்யிங் அந்த நேரத்தில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

பிள்ளைக்கு ஆள் கிடைக்காத நாட்களில் முக்காலியில் வண்ண டப்பாவை வைத்து, அதன் மேல் ஒரு முட்டைகோஸை வைப்பார். உயரம் தெரிய வேண்டுமாம்.

"உம்புள்ள இன்னைக்கு ஆடாம அசையாம இருக்கான்" என்றேன் ஒருநாள்.

"அப்பன மாதிரி. மண்டை பூரா எலைதான்" என்றாள், முகத்தைத் திருப்பாமல். கொஞ்சம் கழித்து அதே குரலில் சொன்னாள். "எனக்கும் ஒருத்தன் இருந்தான் அண்ணே. பத்தொம்பது வயசு. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போற வண்டி. லாரிக்காரன் பாக்கல."

சாயங்காலம் அந்த முட்டைகோஸ் சூப்பில் வெந்தது. குடித்தோம்.

மறுவாரம் அவள் வாத்தியாரிடம் ஒரு போட்டோவை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அப்போது பையனுக்குப் பத்து வயது.

"முட்டைகோஸுக்குப் பதிலா இவன வையுங்க வாத்தியாரே."

அவர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இப்படி ஒரு முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். வரைந்தார். முடிந்ததும் ஃபெங்யிங் வந்து பார்த்து, "காது சரியா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நாற்காலியை விட்டு எழுவது குறைந்தது. தூரிகையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிடும், அவள் அதே இடத்தில் அதே மாதிரி, கைகளை மடியில் மறைத்துக்கொண்டு இருப்பாள். அடுப்பில் தண்ணீர் வற்றிப் பானை கருகும்.

"வேல முடிஞ்சுதே, வீட்டுக்குப் போகல?" என்று கேட்பேன்.

"போகணும்" என்பாள். போகமாட்டாள்.

வேலை முடிந்தும் வீடு வராத மனைவியைத் தேடிக்கொண்டு ஒரு சாயங்காலம் ஜியா வந்தான். கார் நிறுத்துமிடத்தில் காவலாளி. தொப்பியோடு உள்ளே வந்தவன் படத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், மூன்று முறை குனிந்து வணங்கினான். சாம்பல் நிறத்தில் பெரிய முகம் என்றால் எங்களுக்கு அது இறந்தவர் படம். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நிமிர்ந்தபோதுதான் மகனுக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று கண்டான்.

"எம்புள்ள செத்துட்டான், அது சரி. இவ எதுக்குச் சாம்பலா இருக்கா?"

"யாரும் சாகல தம்பி. இது குடும்பம்" என்றார் வாத்தியார்.

ஜியா படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "இந்தாளு யாரு?"

"வண்டிக்காரர். முகம் பொருத்தமா இருந்துச்சு."

"எம்புள்ளைக்கு அப்பனா?"

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தாளு இருந்துட்டுப் போகட்டும்" என்றான் ஜியா. "இவள வெளிய எடுங்க."

"எடுத்தா படமே போச்சு."

"அப்ப இவளுக்குச் சிவப்பு வையுங்க."

எங்கள் பக்கம் கணவன் மனைவிக்கு ஒரே கல்லறைக் கல். முன்னே போனவர் பெயருக்குக் கறுப்பு, உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. வசந்தத்தில் கல்லறை துடைக்கப் போகும்போதெல்லாம் ஜியா அப்பா பெயரில் கறுப்பையும் அம்மா பெயரில் சிவப்பையும் புதுப்பித்துவிட்டு வருகிறவன். வாத்தியார் குடும்பத்துக்கும் அப்படி ஒரு கல் உண்டு, வழக்கம் தெரியாதவர் இல்லை. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"சிவப்பு பிளாஸ்க்குக்கு மட்டும்தான். ரெண்டு எடத்துல வந்தா அர்த்தம் போயிரும்."

"அர்த்தம் போனா போகட்டும் வாத்தியாரே. இவ போயிட்டா எனக்கு வேற ஆளு இல்ல."

அழுதுகொண்டு சொல்லவில்லை. வண்டியை இந்தப் பக்கம் நிறுத்து என்று சொல்கிற குரலில் சொன்னான்.

வாத்தியார் ஃபெங்யிங் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

அவள் நாற்காலியில்தான் இருந்தாள். பையனைப் பார்த்தாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. வேண்டாம், நான் இப்படியே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஜியாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியல" என்றாள்.

பிறகு மடியிலிருந்து கையை எடுத்து, சாம்பல் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். உள்ளே சிவப்பு ஸ்வெட்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், அவள் பிறந்த விலங்கின் ஆண்டு அது. அந்த வருஷம் உடம்பில் சிவப்பு இல்லாமல் இருக்கக்கூடாது என்று புத்தாண்டுக்கு ஜியா வாங்கிக் கொடுத்தது. தினமும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"உள்ள இருக்கு வாத்தியாரே" என்றாள்.

ஹௌ வாத்தியார் சிகரெட்டை அணைத்தார். முணுமுணுத்துக்கொண்டே தூரிகையை எடுத்தார். அம்மாவின் கழுத்தோரம் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு. அவ்வளவுதான். ஜியா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"ஈரம் காயட்டும். வா, போகலாம்."

அவள் எழுந்து போனாள்.

வாத்தியாருக்கு ரெண்டு நாள் கோபம். பிறகு வந்த விருந்தாளிகள் அந்தச் சிவப்பைக் காட்டியும் ஏதேதோ பேசினார்கள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

படம் விலைபோய்க் கப்பலுக்குப் போகும் நாள் பெட்டி செய்தது நான். ஃபெங்யிங் அட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூடி வைப்பதற்கு முன் மகனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"உனக்கும் ஒரு சிவப்பு கேட்டிருக்கலாம் அண்ணே."

"யாரு கேக்குறது?"

அவள் யோசித்தாள். நான் மூடியை வைத்துத் திருகாணிகளை முடுக்கினேன்.

புதுப் படத்துக்கு முக்காலியில் ஒரு முட்டைகோஸ் உட்கார்ந்திருந்தது. அவள் போகும்போது அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அது வாத்தியாருக்கு வேணுமே" என்றேன்.

"வேற வாங்கிக்கட்டும். ஜியாவுக்குச் சூப்பு வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது மணி நாலுகூட ஆகவில்லை.