மூச்சு விட்ட கார்

எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக் கராஜில் ஒரு கார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். பெரியப்பா மகன், என் அண்ணா, வேகத்துக்கென்றே சம்பளத்தையெல்லாம் கொட்டி வாங்கிய டர்போ கார். அவன் டெங்குவில் போன பிறகு பெரியப்பா ஞாயிறுதோறும் அதை ஸ்டார்ட் செய்வார். நின்ற இடத்திலேயே எஞ்சின் சத்தம் 'ஊ...' என்று ஏறும், இறங்கும், அணைந்துவிடும்போல் தயங்கும், மறுபடி ஏறும். ஆக்சிலேட்டரில் யார் காலும் இருக்காது. பெரியம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "எம்புள்ள தூங்கும்போது இப்படித்தான் மூச்சு விடுவான்" என்பாள். எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். ஆனாலும் போய் நிற்காமல் இருக்க முடியாது.

"இரும்புக்கு ஏதுடி மூச்சு?" என்று பெரியப்பா எரிந்து விழுவார். இப்படியே போனால் இவள் படுத்துவிடுவாள் என்று பயந்து காரை விற்க முடிவு செய்தார். வாங்குகிறவரோ, நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங் சரியானால்தான் எடுப்பேன் என்றுவிட்டார். ரயில்வேயில் டீசல் எஞ்சின் பார்க்கும் என் அப்பா பிளக்கை மாற்றினார், காற்று போகும் த்ராட்டிலைத் துடைத்தார். ம்ஹூம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீடு முழுக்கக் காட்டிய சாம்பிராணியோடு பெரியம்மா கராஜுக்குள் வந்தாள். "பெட்ரோல் இருக்கிற இடம், அண்ணி!" என்று அப்பா கத்துவதற்குள் திறந்த பானட்டின் மேல் காட்டிவிட்டாள். மேலே போகவேண்டிய புகை வளைந்து கீழே இறங்கியது. யாரோ உறிஞ்சுவதுபோல் எஞ்சினின் ஓர் இடுக்குக்குள் போனது.

"அப்பா, அண்ணா இழுக்கிறான்!" என்று அலறினேன்.

அப்பா குனிந்தார். புகை போன இடத்தில் ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தது. விரலால் மூடினார். ஏறி இறங்கிய சத்தம் சட்டென்று நேராகிவிட்டது. "இந்த ஓட்டை வழியா காத்து திருட்டுத்தனமா உள்ள போயிருக்கு. அவ்வளவுதான்." மறுநாளே புதுக் குழாய் போட்டார். அதன்பின் அந்தக் கார் எல்லாக் கார்களையும் போலச் சீராக உறுமியது. பெரியம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை.

ஞாயிறு காலை வாங்குகிறவர் வந்தார். பெரியப்பா சாவியைத் திருப்பினார்.

ஊ... ஏறியது. இறங்கியது. ஏறியது.

"நா, நா, தாதா" என்று வங்காளியில் மறுத்துக் கையை ஆட்டிவிட்டு வாங்க வந்தவர் போயே போய்விட்டார். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பெரியம்மா ஸ்டூலோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். அப்பா பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். புதுக் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. பெரியப்பாவை ஒரு முறை பார்த்தார். பானட்டை மூடிவிட்டார்.

அண்ணா திரும்பி வந்துவிட்டான் என்று நடுங்கிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்த பெரியப்பாவின் நகக்கண்ணில் கிரீஸ் எப்படி வந்தது என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.