விக்டோரியா மிஸ் காப்பி

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விக்டோரியா எந்தத் தாளையும் மூன்று முறை படிப்பாள். கூரியர்க்காரர் நீட்டும் நோட்டைக்கூட. "இதில வாசிக்க என்னக்கா இருக்கு?" என்று அவர் வாசலில் நின்று சலித்துக்கொள்வார். "நான் வாங்கினேன்னு போட்டிருக்குல்லா? வாங்கினேனான்னு பாக்கண்டாமா?" என்பாள். அவர் போன பிறகு கவரைத் திருப்பிப் பார்த்து, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பாள்.

அவள் பள்ளம் ஊர்க்காரி. அப்பா ததேயுஸ் மீன் வியாபாரி. எம்.சி.ஏ. முடித்து, நாகர்கோவிலில் நாற்பது பேர் வேலை பார்த்த ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்னால் எழுதிய புரோகிராம்களைக் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. நான் சுசீந்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். ஒன்பது வருடம் அவள் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரு குப்பைக்கூடைதான் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் எடுத்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் விக்டோரியா மிஸ்.

கணினி மொழிகளுக்கும் சட்டப்புத்தகம் மாதிரி ஒன்று உண்டு. இந்த வரியை எழுதினால் இது நடக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நாங்கள் வேலை செய்த சி மொழிக்கு 1990இல் ஒன்று வந்தது. 1999இல் புதியது வந்ததும் பழையதை விலக்கிக்கொண்டார்கள். விலக்கியதை விற்பதில்லை. விற்காவிட்டாலும் பதிப்புரிமை அவர்களுடையதுதான், நகலெடுக்கக் கூடாது. எங்கள் புரோகிராம்களோ பழைய சட்டத்தை நம்பி எழுதப்பட்டவை.

2004இல், தான் படித்த கல்லூரியின் நூலகத்தில் அந்தப் பழைய புத்தகம் இருப்பதை விக்டோரியா கண்டுபிடித்தாள். மூன்று நாள் தவணையில் எடுத்து வந்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்பதால், வடசேரியில் நேசையன் அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்கு நான்தான் கொண்டுபோனேன். இருநூற்றுப் பத்தொன்பது பக்கம். கூட்டத்தில் வேறு யாருடைய கட்டோடும் கலந்துவிடக் கூடாது என்று முதல் நகலின் மேல் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் 'விக்டோரியா மிஸ் காப்பி' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே நின்றேன்.

அந்தக் கடையின் வழக்கம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். கல்லூரிப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் அண்ணன் முதல் நகலிலிருந்து தனக்கென்று ஒரு பிரதி போட்டு அலமாரியில் வைத்துக்கொள்வார். அதற்கு மாஸ்டர் என்று பெயர். அடுத்து வருகிறவன் புத்தகம் கொண்டுவர வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும். தெரிந்திருந்தும் அன்று அது என் நினைவில் வரவில்லை.

2007 பிப்ரவரியில் நார்வேயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு கம்பெனி மீன் உறைகிடங்குகளுக்கு வெப்பமானி அமைத்துக் கொடுத்திருந்தது. அதற்குள் ஓடும் புரோகிராமைப் புதிய கருவிக்கு மாற்றிக் கொடுத்தவள் விக்டோரியா. மாற்றியதிலிருந்து அடிக்கடி அபாயமணி அடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அவள் ஒரே நாளில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். வெப்பமானி அரை டிகிரி கணக்கில் எண்ணும். மைனஸ் முப்பத்தேழு என்று வந்தால் அதைப் பாதியாக்க வேண்டும். பாதி, மைனஸ் பதினெட்டரை. முழு எண்தான் வேண்டும் என்றால் பதினெட்டா பத்தொன்பதா? பழைய கருவி மைனஸ் பத்தொன்பது என்றது. புதியது மைனஸ் பதினெட்டு என்கிறது. பதினெட்டைத் தொட்டால் மணி.

இதை அவள் விளக்கி எழுதியதும் அங்கிருந்த பொறியாளர் பதில் போட்டார். சட்டப்புத்தகத்தைப் பார்த்துவிட்டேன், மைனஸ் பதினெட்டு மட்டுமே சரி, எனவே பழைய கருவி பத்தொன்பது காட்டியிருக்கவே முடியாது, நீங்கள் புரோகிராமில் எதையோ மாற்றிவிட்டு மறைக்கிறீர்கள். அவர் பார்த்தது புதிய புத்தகம். பழையதில், இரண்டில் எதுவானாலும் சரி, கருவி செய்கிறவர் எதைத் தேர்ந்தார் என்று எழுதி வைத்தால் போதும் என்று இருந்தது. அந்தப் பக்கம் அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைக் காட்டத்தான் முடியாது. உரிமம் இல்லாத எதுவும் அலுவலகத்தில் இருக்காது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

பழைய புத்தகம் கேட்டு, விற்கிற இடங்கள் நான்குக்கு எழுதினாள். நான்கிலும் ஒரே பதில்: விலக்கப்பட்டது, புதிய பதிப்பை வாங்கவும். இணையத்தில் வரைவுகள் கிடைத்தன. வரைவு சாட்சியாகாது என்று நார்வேக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கல்லூரி நூலகத்துக்குப் போனோம். காலாவதியான தரநூல்களைப் போன வருடமே கழித்து எடைக்குப் போட்டாயிற்று என்று நூலகர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். படியிறங்கும்போது விக்டோரியா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

முதலாளி பொன்னுலிங்கம் எங்களை அறைக்குள் கூப்பிட்டார்.

"பக்கம் கையில இருக்குங்கிய. பின்ன ஏன் காட்ட மாட்டங்கிய?"

"அது ஜெராக்ஸ் சார். நாம வச்சிருக்கக் கூடாதது."

"சரி, காட்டாத. அப்ப நீ புரோகிராமை மாத்தினேன்னு ஆவும்."

"நான் மாத்தல்ல."

"எனக்குத் தெரியும் மக்கா. அவனுக்குத் தெரியண்டாமா? காட்டினா கள்ளி, காட்டாட்டிப் பொய்க்காரி. ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லு. எப்படியானாலும் எனக்கு இங்க நாப்பது பேரு இருக்காவ. கை ஒண்ணை வெட்டினாத்தான் உடம்பு தப்பும்னா வெட்டிருவேன். பெறகு என்னைச் சொல்லப்பிடாது."

அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு கடிதம் எழுதினாள். நான்கு வரிகளை அப்படியே எடுத்துக் கொடுத்து, பகுதி எண்ணையும் குறித்தாள். இது நூலகப் புத்தகத்தின் நகல், அந்தப் புத்தகம் இன்று இல்லை, இதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பது தெரியும், உங்கள் நாட்டு நூலகத்தில் ஒத்துப்பாருங்கள் என்று எழுதினாள். கடைசி வரி: 'என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி.' மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினாள்.

ஐந்தாம் நாள், புதிதாகச் சேர்ந்த பையன்களின் மேசையில் அவள் எதையோ தேடப் போனவள், கையில் ஒரு கட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். ஸ்பைரல் போட்டது. மேல் தாளில் 'விக்டோரியா மிஸ் காப்பி'.

"ஏட்டி ப்ரியா, இது உனக்க கையெழுத்துல்லா?"

நான் மேல் தாளைப் பார்த்தேன்.

"நேசையன் அண்ணன் கடையில போயி விக்டோரியா மிஸ் காப்பின்னு கேட்டா எடுத்துத் தாறாராம். மூணு வருசமா தாறாராம். ஜாயின் பண்ணுகவன் எல்லாவனும் மொதநாளே வாங்குகான். எனக்குத்தான் தெரியல்ல."

"நான்தாம்ட்டி எழுதினேன். கலந்திரக் கூடாதேன்னு..."

"கலக்கல்ல பாத்தியா? நல்லாப் பத்திரமா இருக்கு. பத்தொம்பது எண்ணம்!"

சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்குள்ளிருந்தே பேசினாள். "ஒண்ணுதான்னு எழுதிப்போட்டேனே. இனிமே நாலு வரியும் பொய்னுதான் நினைப்பான்."

அவர்களுக்குத் தெரியவா போகிறது, விடு என்றேன். நான் சொன்ன அந்த வார்த்தை இன்றும் எனக்குக் கேட்கிறது. அவள் தலையாட்டினாள். பிறகு கணினியை இழுத்து இரண்டாவது கடிதத்தை எழுதினாள். ஒன்று என்று எழுதியது தவறு, என் பெயரில் இன்னும் பத்தொன்பது பிரதிகள் இருக்கின்றன, இன்றுதான் தெரிந்தது. யார் பெயரை எழுதினார்கள் என்பதை எழுதவில்லை. எழுதட்டுமா என்று என்னைக் கேட்கவும் இல்லை.

பொன்னுலிங்கம் சாருக்கு அதன் நகல் போனதும் அறைக்கதவு படாரென்று திறந்தது. "கேக்காத கேள்விக்கு எவளாவது பதில் எழுதுவாளாட்டி!" என்று நாற்பது பேர் கேட்கக் கத்தினார். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

அதன்பின் ஆறு நாள். கணினியில் அஞ்சல் வந்ததற்கான மணி அடிக்கும்போதெல்லாம் அவள் தோள் தூக்கிப்போடும். ஒருநாள் தன் இழுப்பறையைக் காலி செய்து, சீப்பு, ஜெபமாலை, டம்ளர் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. சொன்னபிறகு எல்லோர் முன்னாலும் பொறுக்கிக்கொண்டு நிற்க முடியாது என்றாள். என் பெயரைச் சொல்லிவிடு என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "உனக்க பேரைச் சொன்னா எண்ணம் குறையுமா?" என்றாள்.

பதில் வந்தது. அவர்களுடைய பழைய ஆவண அறையில் மூலப் புத்தகம் ஒன்று இருந்ததாம். நான்கு வரிகளும் எழுத்துக்கு எழுத்து சரி. புரோகிராமில் தவறில்லை. ஆனால் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டு, ஒன்றுகூட மிச்சமில்லை என்று விக்டோரியா தன் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும்.

எரித்தால் பாதி எரிந்த தாள் பறந்து எங்காவது போய் விழும் என்று அவள் பயந்தாள். ஆகவே பள்ளத்தில் அவள் வீட்டு முற்றத்தில், ததேயுஸ் மாமா மீனுக்கு ஐஸ் போடும் பெரிய பெட்டியில் தண்ணீர் நிறைத்து, ஸ்பைரல் கம்பியை உருவி, ஒவ்வொரு கட்டாக ஊறப்போட்டோம். பையன்களிடமிருந்து பத்தொன்பது, அவளுடையது ஒன்று, நேசையன் அண்ணனிடமிருந்து வாங்கிய மாஸ்டர் ஒன்று. இருபத்தொன்று. மாமா எட்டிப் பார்த்தார். "எம்மோ, சீலா மீனு கிடந்த பெட்டி. உங்க படிப்பு மணக்குமே!" மறுநாள் கூழாகியிருந்தது. ஆனாலும் ஜெராக்ஸ் மை கரையவில்லை. கூழை அள்ளினால் விரலில் ஒற்றை ஒற்றை எழுத்தாக ஒட்டியது. அதையும் கழுவி, பெட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வேலை போகவில்லை. ஆனால் பயமும் அவளை விட்டுப் போகவில்லை. புதியவன் யாராவது ஸ்பைரல் கட்டோடு வந்தால் மேல் தாளைப் பார்ப்பாள். "எண்ணினது சரிதானட்டி?" என்று சம்பந்தமில்லாமல் பஸ் ஸ்டாப்பில் கேட்பாள். சரிதான் என்பேன். ஆறு வருடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

போன ஆகஸ்டில், 2013இல், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ஒரே நாளில் போய்விட்டாள். முப்பத்தாறு வயது. வங்கிக்கும் பி.எஃப்.புக்கும் கொடுக்க இறப்புச் சான்றிதழ் பத்து நகல் வேண்டும் என்று மாமா என்னிடம் தந்தார். வடசேரிக்குப் போனேன். நேசையன் அண்ணன் சான்றிதழில் பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நம்ம விக்டோரியா மிஸ்ஸா?"

"ஆமாண்ணே."

பத்து நகலையும் போட்டார். காசு வாங்கவில்லை. பிறகு ஸ்டூலில் ஏறி மேல் தட்டில் கைவிட்டு, தூசி படிந்த ஒரு கட்டை இறக்கினார். "ஒரு மாஸ்டர் மங்கிச்சுன்னா எடுக்கதுக்கு எல்லாத்திலயும் ரெண்டு மாஸ்டர் போடுவேன் பாத்துக்கிடுங்க. அன்னைக்கு அந்தப் பிள்ளை கண்ணு கலங்கி வந்து நின்னுச்சு. ஒண்ணத்தான் குடுத்தேன். பெறகு நாலு பேருக்கு ஒதவுமேன்னு நினைச்சேன். இதுவரை யாருக்கும் குடுக்கல்ல. கொண்டு போங்க."

மேல் தாளில் என் கையெழுத்து.

இரண்டு வாரமாக அது என்னிடம் இருந்தது. இந்த மாவட்டத்தில் வேறு பிரதி இருக்காது. இனி எங்கும் வாங்கவும் முடியாது. எங்கள் அலுவலகத்தில் இன்றும் அந்தப் பழைய சட்டத்தில்தான் பாதிப் புரோகிராம் ஓடுகிறது. அடுத்த சந்தேகம் வரும்போது பையன்கள் யாரிடம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் யோசித்தேன். ஆனால் ஒன்றுகூட மிச்சமில்லை என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மூன்று முறை படித்துவிட்டுப் போட்டது.

இன்று காலை குளியலறை வாளியில் ஊறப்போட்டேன். இருநூற்றுப் பத்தொன்பது பக்கம், எண்ணித்தான் போட்டேன். சாயங்காலம் கையால் பிசைந்தபோது தாள் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. மேல் தாள் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதைக் கடைசியாகப் பிசைந்தேன்.

இருபத்திரண்டு, விக்டோரியா. இப்போது எண்ணிக்கை சரி.