கையை விடாதவர்

முகம் கழுவிய ஈரம் காயாத கையோடு முன்னறைக்கு வந்து, கண்ணில் படுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார் சட்டமன்ற உறுப்பினர். ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும். பிடித்தால் லேசில் விடமாட்டார். மனு கொடுக்க வந்தவர் அழுது முடித்து, கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாலும் கை அங்கேயே இருக்கும்.

"கையை நாம முதல்ல விடக் கூடாதுங்க. அவங்களா விடணும். நாம விட்டா, இவன் நம்மள அனுப்பப் பாக்கறான்னு தோணிடும். அரசியல்னா இவ்வளவுதான், வேற என்ன பெரிய வித்தை?" என்றார், அவரைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம். சொல்லும்போது என் கையையும் பிடித்திருந்தார். குறிப்பெடுக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி சிரித்தார். "கல்யாணம் பேச வந்தப்பவே எங்கப்பா கையை இப்படித்தான் பிடிச்சாரு. பையன் ஓட்டு கேக்க வந்த மாதிரியே இருக்கானேன்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு."

அப்போது அவர் அரசியலில் இல்லை. ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் பேச மைக் கட்டிக் கொடுத்தவர், ஒரு கூட்டத்துக்குப் பேச்சாளர் வராமல் போகவே தானே மைக்கைப் பிடித்தார். முதல் தேர்தலில் டெபாசிட் போனது. பிறகு தொடர்ந்து வெற்றிதான். நடுவில் ஒருமுறை கட்சி மாறினார். கேட்டால், "நானாவது மாறறதாவது! கட்சிதான் வீடு மாத்திக்கிட்டுப் போச்சு, நான் அதே தெருவுலதான் நிக்கறேன்" என்பார். சபையில் அவருக்குக் கடைசி வரிசை. கை தூக்கச் சொன்னால் தூக்குவார், மேஜையைத் தட்டச் சொன்னால் தட்டுவார்.

ஒன்றுக்காக மட்டும் ஓயாமல் வாய் திறந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கால்வாயைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் நடந்தார்கள். அவர்களுக்கு ஒரு நடைபாலம் வேண்டும் என்று அமைச்சர்கள் காது புளிக்கும்வரை கேட்டு வாங்கினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அப்போது எனக்கு அவர்மேல் பிரியமே வந்தது.

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் எந்தத் திறப்பு விழாவும் நடத்தக் கூடாது. அறிவிப்பு இன்றோ நாளையோ என்றிருந்தது. பாலத்துக்கு அடியில் முட்டுக் கம்பங்கள் நின்றன. கான்கிரீட் நன்றாக இறுகும்வரை அவற்றைத் தொடக் கூடாது என்றார் பொறியாளர்.

"கம்பமெல்லாம் தெரிஞ்சா போட்டோல அரைகுறை வேலை மாதிரி இருக்கும் தம்பி. எடுத்துடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் உறுப்பினர்.

எடுத்தார்கள். திறப்பு விழா போட்டோ நன்றாக வந்தது. அதுவே சுவரொட்டியாகி ஜெயிக்கவும் வைத்தது. மழைக்காலத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட நேரத்தில், பாலம் நடுவில் மடங்கி விழுந்தது. ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள்.

விழாவுக்காகப் பாலத்தின் கைப்பிடியில் சுற்றத் துணி தைத்துக் கொடுத்தவர் எங்கள் தெருத் தையல்காரர். துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கம்பத்தை எடுக்கச் சொன்ன அந்தப் பேச்சைத் தன் காதால் கேட்டவர். இறந்த பிள்ளைகளில் ஒருத்தி அவர் மகள். கேட்டதை விசாரணை அதிகாரியிடம் சொன்னார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று தள்ளிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து முன்னறையில் முதல் நாற்காலியில் உட்காருகிறார். உறுப்பினர் இரண்டு கையையும் நீட்டுவார். தையல்காரர் தன் கைகளை மடியிலிருந்து எடுக்கமாட்டார்.

"வீடு வேணுமாண்ணே? வீட்டம்மாவுக்கு ஒரு வேலை போட்டுத் தரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாங்க ஐயா. அன்னிக்கு சொன்னதை விசாரணையில நீங்களே சொல்லிடுங்க. பாவம், அந்த இன்ஜினியரைப் பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க."

"பாக்கலாம்ணே, பாக்கலாம்."

தையல்காரர் தலையாட்டிவிட்டுக் கடை திறக்கப் போவார். மறுநாள் மறுபடி வருவார்.

"சொல்லித் தொலைச்சிடுங்களேன்" என்று மனைவி என் முன்னாலேயே கேட்டார். "அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து டீ குடுக்க முடியல என்னால."

"சொன்னா இந்த ரூம்ல ஒரு ஈ காக்கா இருக்காது, தெரியுமா உனக்கு?" என்றார் அவர். அதன் பிறகு வெகுநேரம் யார் கையையும் பிடிக்கவில்லை.

விசாரணைக்கு அவர் போன அன்று நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "முட்டு எடுத்தது எனக்குத் தெரியாதுங்க. அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம்" என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

மறுநாள் காலை முன்னறை வழக்கம்போல் நிரம்பியிருந்தது. முதல் நாற்காலியில் தையல்காரர். அவரைப் பார்த்து உறுப்பினர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பழக்கம் முந்திக்கொள்ள, இரண்டு கையையும் நீட்டினார்.

தையல்காரர் எழுந்து தன் கையைக் கொடுத்தார்.

உறுப்பினரின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பவாவது புரிஞ்சுக்கிட்டீங்களேண்ணே. சொல்லுங்க, என்ன வேணும்?"

தையல்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை விடவில்லை. மனைவி கொண்டுவந்த தேநீரை யாரும் எடுக்கவில்லை. காத்திருந்தவர்கள் மனுக்களை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"சரிண்ணே... விடுங்க. ஜனங்க காத்திருக்காங்க."

பிடி இறுகியது.

உறுப்பினர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தன் இடது கையை உருவிக்கொண்டு, ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.