என் வீட்டுக்காரர் எனக்குப் பேசிய சம்பளம்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர் சாமுவேல், மகன் டேவிட், மருமகள் சுமதி, பக்கத்து வீட்டுப் பழனியம்மா அக்கா. அக்கா நம் சபை கிடையாது. ஆனாலும் நடந்ததற்கு அவர்களும் சாட்சி. ஆண்டவரை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவரும் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கவலைப்படுவதில் மட்டும் எனக்குப் பெரிய படிப்பு உண்டு.

இண்டூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். தக்காளியும் சாமந்தியும் போடுகிறோம். அவருக்கு மூன்று வருடமாக மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், கண்ணாடியை மறந்தார். போன ஆடி மாதம் என்னை மறந்தார்.

ஒரு சாயங்காலம், "யாரும்மா நீங்க? பொழுது போவுது, உங்க வூட்டுக்குப் போங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகனைத் தெரிகிறது, மருமகளைத் தெரிகிறது, நாயைக்கூடத் தெரிகிறது. என்னை மட்டும் தெரியவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "இது எங்க மேரி. இவ போட்டோ உங்ககிட்ட எப்புடி வந்துது?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் திருடியாகவும் ஆகிவிட்டேன். நான் வைத்த தட்டைத் தள்ளினார். நாற்பத்தொரு வருடத்தில் என் மேல் கை ஓங்காத மனிதர், கம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

தர்மபுரியில் பார்த்த டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். "அவரு வேணும்னு செய்யலம்மா, நோய் செய்ய வைக்குது. எதிர்த்துப் பேசாதீங்க. நிரூபிக்கப் பாக்காதீங்க." நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் அதையேதான் செய்தேன்.

அந்த வாரம் இரண்டு நாள் அவர் எதுவும் சாப்பிடவில்லை. சுமதி கொண்டுபோனாலும், "அந்தப் பொம்பள ஆக்குனது எனக்கு வேணாம்" என்றார். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க பயமாக இருந்தது. மகன் மினி லாரி ஓட்டுகிறான். "காலையில பாக்கலாம்மா. அப்பவும் சாப்புடலன்னா ஆஸ்பத்திரியில சேத்துட்டு, அப்புறம் சேலத்துல ஒரு முதியோர் இல்லத்துல விட்டுருவோம். உன்னய அடிச்சுட்டாருன்னா என்ன பண்றது?" என்றான். அவன் மேல் தவறில்லை.

மறுநாள் காலை பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என்னை அவருக்குத் தெரிய வையும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்" என்று அழுதேன். சொல்லி முடித்ததும், மழை வந்தால் சாமந்தி அழுகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பழனியம்மா அக்கா கீரை கொடுக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "எந்திரிடி மேரி. மூஞ்சியக் கழுவிட்டு முன்பக்கமா போ. பொழுதன்னைக்கும் பின்னாடி வழியா பூந்து பூந்து வந்தா திருடின்னுதான் சொல்லுவாரு" என்றார்.

முகத்தைக் கழுவினேன். தலையில் துண்டு, இடுப்பில் அக்கா கொடுத்த கீரைக் கூடை. அப்படியே சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலைக்கு வந்தீங்களா?"

உங்கள் பொண்டாட்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்தது.

"சம்பளம் எவ்ளோ கேப்பீங்க?"

"நீங்களே சொல்லுங்க."

"மாசம் முன்னூறு."

உள்ளே சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. "முன்னூறுக்கு எவ வருவா? ஐநூறு குடுங்க."

"நானூறு. மூணு வேளை சோறு. இஷ்டமிருந்தா இருங்க."

"எத்தன நாளைக்குங்க வேலை?"

"என் வூட்டுக்காரி வர்ற வரைக்கும்." குரல் இறங்கிவிட்டது. "எங்க போனான்னே தெரியல. சொல்லாம போறவ இல்ல. மேகம் வந்தா பூ அழுவிடும்பா, வரலன்னா செடி காஞ்சிடும்பா, அப்புடியொரு பிறவி. நான் சாப்புடலன்னா அவளும் சாப்புட மாட்டா. எங்க பட்டினியா கெடக்குறாளோ."

நானும் இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மகனிடம்கூட.

என் ஜெபத்துக்குப் பதில் அந்த இடத்தில் வந்தது. என் முகம்தான் அவருக்கு மறந்திருந்தது. என்னை முழுசாகத் தெரிந்து வைத்திருந்தார்.

"மொதல்ல சாப்புடுங்க. பட்டினி ஆள வேலை வாங்குற வழக்கம் இங்க இல்ல" என்றார். அது உண்மை. காட்டு வேலைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, கூடவே தானும் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலையைச் சொல்வார். என்னோடு மட்டும் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. நான் எப்போதும் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுவேன். அன்று எதிரெதிரே உட்கார்ந்தோம். சுமதி களியும் குழம்பும் கொண்டுவந்தாள். இரண்டு உருண்டை சாப்பிட்டார். "எங்க மேரி கிண்டுன களி மாதிரியே இருக்குது" என்றார். நான்தான் கிண்டினேன் என்று சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் அடக்கிய பெரிய பேச்சு அதுதான். மாத்திரையையும் போட்டுக்கொண்டார். மகன் வண்டிச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

பொய் சொல்லிவிட்டேனோ என்று மூன்று நாள் கவலைப்பட்டுப் பாஸ்டரிடம் கேட்டேன். "நாப்பத்தொரு வருஷமா அந்த வூட்டுல வேலை செய்யறது யாரும்மா?" என்றார்.

நோய் போகவில்லை, போய்விட்டது என்று சொன்னால்தான் பொய். டாக்டரம்மாவிடம் இன்றும் போகிறோம். சில சாயங்காலம் இன்னும் முறைப்பார். அப்போது நான் பின்வழியாகப் போய் முன்வழியாக வருவேன். வாதாடுவதை விட்டுவிட்டேன். கவலையும் பாதி குறைந்தது. மீதி சாமந்திக்காக வைத்திருக்கிறேன்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்து அழுகிறவர்களே, வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வைத்தியம் பாருங்கள், ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் பதில் கொடுக்கும்போது, நீங்கள் கேட்ட மாதிரி இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள்.

மாதம் பிறந்ததும் நான் சம்பளம் கேட்பேன். "என் வூட்டுக்காரி வந்ததும் வாங்கிக்கோங்க, அவ யாருக்கும் பாக்கி வெக்க மாட்டா" என்பார். எட்டு மாதம் ஆகிறது. எனக்கு வரவேண்டிய பாக்கி மூவாயிரத்து இருநூறு ரூபாய்.